கிறிஸ்டோபர் மார்ஷல்: பிலடெல்பியாவின் மருந்துக்கடைக்காரர், கமிட்டிக்காரர், நாட்குறிப்பாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் புரட்சி என்றதும் வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஜெஃபர்சன் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். மருந்தியல் வரலாறு படித்தவர்கள் மட்டும் இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். 'அது யாருங்க மார்ஷல்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கிறிஸ்டோபர் மார்ஷல் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1709 நவம்பர் 6 அன்று அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்தார். 1727இல், பதினெட்டு வயதைத் தொடும்போது, கப்பலேறி பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டில், 1729இல், ஆற்றங்கரையை ஒட்டிய ஃபிரன்ட் தெருவில் கடை போட்டார். பிறகு கடை செஸ்ட்நட் தெருவுக்கு மாறியது. நாற்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் பார்த்துச் சொத்து சேர்த்து, மகன்களிடம் கடையை ஒப்படைத்தார். அதற்கு மேல்தான் அரசியல். 1797 மே 4 அன்று, 87 வயதில் பிலடெல்பியாவிலேயே காலமானார்.

போர்க்களத்துக்குப் போகவில்லை, சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்தும் போடவில்லை. அப்படியிருந்தும் 1774 முதல் 1781 வரையிலான பிலடெல்பியாவைப் பற்றி எழுதும் எந்த வரலாற்றாசிரியரும் இவரைத் தொடாமல் நகர முடியாது. காரணம், அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு.

'அப்போதிக்கரி' என்றால் டாக்டரா, கடைக்காரரா?

இந்தச் சொல் நமக்கு ஒன்றும் புதிதில்லை. இலங்கையில் பெரியவர்கள் இன்றும் 'அப்போதிக்கரி ஐயா' என்பார்கள். பிரிட்டிஷ் காலத்து ஆஸ்பத்திரிகளில், பட்டம் பெற்ற டாக்டருக்கு ஒரு படி கீழே இருந்து வைத்தியம் பார்த்தவருக்கு அந்தப் பெயர். சென்னை மாகாண மருத்துவத் துறையிலும் அந்தப் பதவி இருந்தது.

மார்ஷல் காலத்து அமெரிக்காவில் எல்லை இன்னும் மங்கலாக இருந்தது. டாக்டர்களே மருந்தை இடித்துக் கலந்து விற்றார்கள். மருந்துக்கடைக்காரர்களே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பவர் ஒருவர், கலந்து கொடுப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை வேண்டும் என்று பிலடெல்பியாவில் உரக்கச் சொன்னவர் டாக்டர் ஜான் மார்கன். எடின்பரோவில் படித்துவிட்டு 1765இல் திரும்பியவர், மருந்து கலக்கவென்றே ஓர் ஆளையும் கூட அழைத்து வந்தார். மற்ற டாக்டர்களுக்கு அது பிடிக்கவில்லை. மருந்து விற்று வரும் வருமானத்தை யார்தான் விடுவார்கள்?

மார்ஷல் இதில் கடைப்பக்கம். வைத்தியராக அவர் பெயர் எடுக்கவில்லை. மருந்துச் சரக்கை வரவழைப்பது, சுத்தம் செய்வது, கலப்பது, டாக்டர்களுக்கும் மற்றக் கடைகளுக்கும் மொத்தமாக விற்பது ஆகியவைதான் அவர் தொழில்.

கடையில் என்னதான் இருந்திருக்கும்?

அன்றைய மருந்துக்கடை பாதி பெயின்ட் கடை. சாயப் பொடி, எண்ணெய், ஜன்னல் கண்ணாடி எல்லாம் மருந்தோடு மருந்தாக விற்பது அந்த ஊரில் சகஜம். பொடித்துச் சலித்து விற்பதுதானே இரண்டிலும் வேலை!

மருந்துப் பக்கம் வந்தால், குளிர்காய்ச்சலுக்குப் பெரு நாட்டு மரப்பட்டை (குவினைன் இதிலிருந்துதான் பின்னாளில் பிரிக்கப்பட்டது), வாந்தி எடுக்க வைக்க இபிகாக் வேர், பேதிக்கு ஜலாப் கிழங்கும் கிளாபர் உப்பும், வலிக்கு அபின், வெளிப்பூச்சுக்குக் கர்ப்பூரம், எதற்கும் எல்லாவற்றுக்கும் கலோமல் என்னும் பாதரச மருந்து. வாந்தி, பேதி, வியர்வை, ரத்தம் என்று ஏதாவது ஒரு வழியாக நோயை உடம்பிலிருந்து வெளியே தள்ளுவதுதான் அன்றைய வைத்தியத்தின் அடிப்படை. இவற்றோடு லண்டனிலிருந்து சீல் வைத்து வரும் ரெடிமேட் பாட்டில்கள் வேறு: டர்லிங்டன் பால்சம், பேட்மன் சொட்டுமருந்து, குழந்தைகளைத் தூங்க வைக்கும் காட்ஃபிரே கார்டியல். இந்தக் கடைசிச் சரக்கில் அபின் இருந்தது. குழந்தை தூங்கியதில் ஆச்சரியமில்லை.

நிறுப்பது கிரெயின் கணக்கில். 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூபிள், 3 ஸ்க்ரூபிள் ஒரு டிராம், 8 டிராம் ஓர் அவுன்ஸ். மருந்துக்கடை ராத்தலுக்கு 12 அவுன்ஸ்தான், பதினாறு அல்ல. பி.பார்ம் படித்தவர்களுக்கு இந்த வாய்ப்பாடு இன்னும் கனவில் வரும். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். இன்றைக்கும் ஆஸ்பிரின் 325 மில்லிகிராம் என்று வருகிறதே, அது பழைய 5 கிரெயின். நாம் காய்ச்சலுக்கு வாங்கும் பாரசிட்டமால் 650 அதன் இரட்டிப்பு. மார்ஷல் கடைத் தராசு இன்னும் நம் மாத்திரை அட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

அவரை ஏன் 'சண்டைக்காரக் குவேக்கர்' என்கிறார்கள்?

குவேக்கர்கள் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவினர். ஆயுதம் தொட மாட்டார்கள், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் ஒரு குவேக்கர் என்பதால், பிலடெல்பியாவின் பெரிய வீடுகளும் பெரிய கடைகளும் வெகுகாலம் இவர்கள் கையில் இருந்தன. அப்படிப்பட்ட சமூகத்தில் வளர்ந்தவர், பிரிட்டனுக்கு எதிரான போரை வெளிப்படையாக ஆதரித்ததால் வந்த பட்டப்பெயர் இது.

புரட்சியில் சேர்ந்ததால்தான் குவேக்கர் சபை அவரை விலக்கியது என்று பல பழைய புத்தகங்களில் பார்க்கலாம். கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. சபை அவரை விலக்கியது 1750களின் தொடக்கத்தில், புரட்சிக்கு இருபது ஆண்டுக்கும் மேல் முன்னால். துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சபையை விட்டு வெளியே வந்த மனிதர், பக்தியை விடவில்லை. கடைசி வரை தினமும் ஜெபமும் பைபிளுமாக இருந்தவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு சண்டைக்கு இதுதான் காரணம்.

அறுபது வயதுக்கு மேல் அரசியல் எதற்கு?

நேரம் இருந்தது என்பது முதல் காரணம். 1770களின் தொடக்கத்தில் கடை முழுக்க மகன்கள் கைக்குப் போய்விட்டது. காசுக்குக் கவலையில்லை. காலையில் கிளம்பினால் ஃபிரன்ட் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்தில் லண்டன் காபி ஹவுஸ் இருக்கிறது. கப்பல் செய்தி, விலைச் செய்தி, வம்பு எல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது காரணம், காலம் அப்படி. பாஸ்டனில் 1773 டிசம்பரில் தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்தன. தண்டனையாக பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. அந்தச் சட்டம் அமலுக்கு வந்த நாள் 1774 ஜூன் 1. அன்று பிலடெல்பியாவில் நடந்ததை மார்ஷல் எழுதியிருக்கிறார்: பல கடைகள் சாத்தியிருந்தன, கிறைஸ்ட் சர்ச்சின் மணிகளைத் துணி சுற்றி, ஓசையை அடக்கி, காலையிலிருந்து இரவு வரை விட்டு விட்டு அடித்தார்கள், துறைமுகத்துக் கப்பல்களில் கொடி பாதிக் கம்பத்தில் பறந்தது. துக்க வீடுபோல ஓர் ஊர்.

அடுத்த ஆண்டிலிருந்து அவர் பார்வையாளர் இல்லை. நகரத்தின் கமிட்டியில் உறுப்பினர்.

கமிட்டி என்றால் என்ன கமிட்டி? என்ன வேலை?

பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று குடியேற்ற நாடுகளின் காங்கிரஸ் முடிவு செய்தது. முடிவு செய்வது சுலபம், அதைக் கடைத்தெருவில் நடைமுறைப்படுத்துவது யார்? அதற்காக ஊருக்கு ஊர் ஆய்வுக் கமிட்டிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கப்பலில் வந்த சரக்கைச் சோதிப்பது, தடையை மீறி விற்பவரைக் கூப்பிட்டு விசாரிப்பது, காங்கிரஸை ஏளனமாகப் பேசியவரை மன்னிப்புக் கேட்க வைப்பது, சரக்கைப் பதுக்கி விலையை ஏற்றுபவரைக் கண்டிப்பது. அதாவது, அரசாங்கம் இன்னும் பிறக்காத ஊரில் அரசாங்கத்தின் வேலை.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் என்ன விற்கிறார், யாரோடு என்ன பேசினார் என்று விசாரிக்கும் அதிகாரம் ஓர் அண்டை வீட்டுக்காரர் கையில் இருப்பது நல்லதல்ல. மார்ஷலுக்கு அந்தத் தயக்கம் இருந்ததாக நாட்குறிப்பில் தெரியவில்லை. காரியம் சரி என்று நம்பிவிட்டால் சலிக்காமல் அலைபவர் அவர்.

அவர் செய்ததில் எனக்கு அதிகம் பிடித்தது இன்னொன்று. 1775இல் பிலடெல்பியாவில் உள்ளூர்த் தொழிலை வளர்க்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இங்கிலாந்துத் துணி வேண்டாம் என்றால் உள்ளூர்த் துணி வேண்டுமே! ஏழைப் பெண்களுக்குப் பஞ்சும் சணலும் கொடுத்து, வீட்டிலேயே நூற்றுக் கொண்டுவரச் செய்து கூலி கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. நிர்வாகிகளில் மார்ஷலும் ஒருவர். கூட்டத்தில் கைதூக்கிவிட்டுப் போகும் நிர்வாகி இல்லை, நிறுவனத்தின் ஆலைக்கு நடையாய் நடந்தவர்.

நாட்குறிப்பில் அப்படி என்ன இருக்கிறது?

தன் குறிப்பேட்டை அவர் 'ரிமெம்பிரன்சர்' என்றே அழைத்தார். நினைவூட்டி என்று சொல்லலாம். பெரும்பாலும் வானிலையில் தொடங்கும். அப்புறம் யார் வந்தார்கள், எங்கே போனார், எங்கே காபி குடித்தார், என்ன சேதி வந்தது, கமிட்டி எத்தனை மணிக்குக் கூடியது. அலங்காரம் கிடையாது. கடைக்கணக்கு எழுதிப் பழகிய கை.

அந்தக் கையின் அருமை 1776 ஜூலை 8 அன்று தெரியும். சுதந்திரப் பிரகடனம் ஜூலை 4இல் ஏற்கப்பட்டது என்று உலகத்துக்கே தெரியும். அதை ஊர் மக்களுக்கு முதன்முதலில் வாசித்துக் காட்டியது நான்கு நாள் கழித்து. மார்ஷல் அன்று எழுதியது இந்த வரிசையில் போகிறது: காலை நல்ல வெயில், வெக்கை. பதினோரு மணிக்குக் கமிட்டியோடு சேர்ந்தார். எல்லோருமாக ஊர்வலமாகப் போய்ப் பாதுகாப்புக் கமிட்டியோடு கலந்து, மாகாண அரசு மாளிகையின் முற்றத்துக்கு நடந்தார்கள். பெருங்கூட்டம். ஜான் நிக்சன் என்பவர் பிரகடனத்தை வாசித்தார். கூட்டம் மூன்று முறை ஆரவாரம் செய்தது. அதே நேரம் உள்ளே நீதிமன்ற அறையிலிருந்த ராஜாவின் இலச்சினையைக் கழற்றி இறக்கினார்கள். இரவு வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்தது. ஊரெங்கும் சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டி, மணி அடித்துக் கொண்டாடினார்கள்.

ஒரு பேரரசின் சின்னம் கழன்று விழுவதையும் இரவு நட்சத்திரம் தெரிந்ததையும் ஒரே தொனியில், ஒரே பத்தியில் எழுதியிருக்கிறார். பின்னால் வந்த புத்தகங்களில் அந்த நாளைப் பற்றிப் படிக்கும் காட்சியில் பாதி இவர் கொடுத்தது.

1776இல் அவர் உண்மையிலேயே முக்கியமானவரா, அல்லது பார்த்து எழுதியவர் மட்டுமா?

முக்கியமானவர்தான். ஆனால் மேடையில் அல்ல.

நிலவரம் இது. காங்கிரஸ் கூடிய ஊர் பிலடெல்பியா என்றாலும், பென்சில்வேனியாவின் சட்டசபை சுதந்திரம் வேண்டாமென்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 1776 மே 1 அன்று நடந்த இடைத்தேர்தலில் நகரத்தின் நான்கு இடங்களில் மூன்றைச் சுதந்திர ஆதரவாளர்கள் தோற்றார்கள். குவேக்கர், கத்தோலிக்கர், ஆங்கிலத் திருச்சபையினர், பழைய ஆளும் குடும்பத்தார் எல்லோரும் இந்தத் தேர்தலைப்போல எதிலும் ஒன்று சேர்ந்ததில்லை என்று அன்றைய குறிப்பில் புகைந்திருக்கிறார் மார்ஷல்.

தேர்தலில் முடியாததை வெளியிலிருந்து செய்தார்கள். கணித ஆசிரியர் ஜேம்ஸ் கேனன், டாக்டர் தாமஸ் யங், காங்கிரஸ் அலுவலக எழுத்தர் திமோதி மேட்லாக், அந்த ஜனவரியில்தான் முடியாட்சியைக் கிழித்துத் துண்டுப்பிரசுரம் வெளியிட்டிருந்த தாமஸ் பெய்ன். இந்தக் கோஷ்டியின் மூத்தவர் மார்ஷல். மாலை வேளைகளில் கூடிப் பேசினார்கள். மாசசூசெட்ஸிலிருந்து காங்கிரஸுக்கு வந்திருந்த சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஆடம்ஸ் இருவரோடும் பழக்கம் இருந்தது. மே 20 அன்று கொட்டும் மழையில் சுமார் 4,000 பேர் மாகாண அரசு மாளிகை முற்றத்தில் நின்று, பழைய சட்டசபை வேண்டாம், புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஜூன் 18 முதல் 25 வரை கார்ப்பென்டர்ஸ் ஹாலில் மாகாண மாநாடு. நகரப் பிரதிநிதிகள் பட்டியலில் ஃபிராங்க்ளின், டாக்டர் பெஞ்சமின் ரஷ் ஆகியோரோடு மார்ஷல் பெயரும் இருந்தது.

அதன் வழியாக வந்த 1776 அரசியல் சட்டம் அந்தக் காலத்துக்குப் பெரிய தாவல். சொத்து இல்லாவிட்டாலும் வரி கட்டும் ஆண்களுக்கு வாக்கு. ஒரே அவை. கவர்னர் இல்லை, அந்த இடத்தில் ஒரு குழு. பதினான்கு ஆண்டு ஓடி, 1790இல் வேறு சட்டம் வந்தது.

நண்பர்களோடு சண்டை வந்ததாமே?

வந்தது. மேலே சொன்ன பக்திதான் காரணம். புதிய சட்டம் எழுதப் போகிறவர்கள் கிறிஸ்தவ நம்பிக்கையைச் சொல்லி உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று மாநாட்டில் மார்ஷல் நின்றார். கேனனும் யங்கும் மத விஷயத்தில் தாராளமானவர்கள், அவர்களுக்கு இது எரிச்சல். ரஷ்ஷும் எதிர்த்தார். மார்ஷல் பக்கம் ஜெயித்தது. ஆனால் கோஷ்டிக்குள் விரிசல் விழுந்து, பழைய ஒட்டுதல் திரும்பவில்லை.

பிரமாணமே வேண்டாம் என்னும் குவேக்கர் மரபில் வளர்ந்தவர், ஊருக்கெல்லாம் உறுதிமொழி கேட்டார்! வாக்குரிமையில் கதவைத் திறந்த அதே கை, நம்பிக்கை விஷயத்தில் கதவைச் சாத்தியது. அவரை முற்போக்காளர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாததற்கு இது ஒன்று போதும்.

போரில் மார்ஷல் கடையின் பங்கு என்ன?

இது மகன்கள் காலத்துக் கதை, முக்கியமாகச் சார்லஸ் மார்ஷலும் சின்ன கிறிஸ்டோபரும். 1776இல் பென்சில்வேனியாவின் பட்டாளங்கள் கிளம்பியபோது, ஒவ்வொன்றுக்கும் மருந்துப் பெட்டி கட்டிக் கொடுத்ததில் மார்ஷல் சகோதரர்கள் முன்னால் இருந்தார்கள். மரப்பட்டை, ஜலாப், இபிகாக், அபின், கர்ப்பூரம், களிம்புகள், கட்டுத்துணி. பெட்டியைத் திறந்தால் ஒரு சிறு கடை.

சிக்கல் என்னவென்றால் சரக்கு வந்து கொண்டிருந்ததே லண்டனிலிருந்து. எதிரியிடம் மருந்து வாங்க முடியுமா? இருப்பு கரையக் கரைய, உள்ளூரில் செய்தாக வேண்டிய கட்டாயம். ஆக, கடை மெல்ல மெல்ல தொழிற்சாலையானது. போருக்குப் பிறகு, 1786 வாக்கில், மார்ஷல்கள் நவச்சாரமும் கிளாபர் உப்பும் பெரிய அளவில் தயாரித்தார்கள். அமெரிக்க ரசாயனத் தொழிலின் தொடக்கப் பெயர்களில் ஒன்றாக இவர்களைச் சொல்வது அதனால்தான்.

சின்ன விஷயம் ஒன்று. மருந்துக்கடை அலமாரியில் காய்ச்சலுக்கென்று வைத்திருந்த வெடியுப்புதான் துப்பாக்கி மருந்துக்கும் முக்கால் பங்கு. தமிழில் இரண்டுக்கும் 'மருந்து' என்றே சொல்கிறோம். 1775–76இல் அந்த ஊரில் அந்த உப்பு எந்த அலமாரிக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிழவர் மார்ஷல் சும்மா இருக்கவில்லை. 1776–77 குளிர்காலத்தில் நோயுற்ற படைவீரர்கள் வண்டி வண்டியாகப் பிலடெல்பியாவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இடம் பார்க்கும் வேலையில் அலைந்தார். வந்தவர்களில் ஏராளமானோர் பிழைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் 2,000 பேருக்கு மேல் ஏழைகளின் இடுகாட்டில் புதைக்கப்பட்டதாக ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். இன்று அந்த இடம் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா.

லங்காஸ்டருக்கு ஏன் போனார்?

1777 செப்டம்பர் 26 அன்று பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவுக்குள் நுழைந்தது. அடுத்த ஜூன் 18 வரை ஊர் அவர்கள் கையில். மார்ஷல் அதற்குச் சில மாதம் முன்பே, மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த லங்காஸ்டருக்கு வீட்டை மாற்றிக்கொண்டார். ஜெர்மன் விவசாயிகளின் வளமான ஊர். பக்கத்து எஃப்ராட்டாவில் மடம் அமைத்து வாழ்ந்த ஜெர்மன் துறவிகளின் தலைவர் பீட்டர் மில்லர் அவருக்கு நண்பர்.

அந்த 1777 டிசம்பர் இறுதியில் அவர் எழுதிய குறிப்பு கோபத்தில் கொதிக்கிறது. வாஷிங்டனின் படை பிலடெல்பியாவுக்கு அருகே வேலி ஃபோர்ஜ் என்னும் குளிர்கால முகாமில் கிடக்கிறது. கால்சட்டை இல்லை, செருப்பு இல்லை, போர்வை இல்லை, மாவு இல்லை. இத்தனையும் வளம் கொழிக்கும் நாட்டில். விவசாயிகளின் களஞ்சியம் நிறைந்திருக்கிறது. சஸ்குவஹானா ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கான பீப்பாய் மாவு கேட்பாரற்று மழையில் கெடுகிறது. லங்காஸ்டர் கிடங்கிலேயே ஐம்பது வண்டி துணிமணி தூங்குகிறது. பஞ்சம் பொருளுக்கு இல்லை, அனுப்புகிற ஆளுக்குத்தான் என்று கமிட்டிக்காரர் கண் கண்டுபிடித்தது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

மருந்தியல் மாணவர்களுக்கு லங்காஸ்டர் வட்டாரம் வேறொரு வகையில் முக்கியம். பக்கத்திலிருந்த லிட்டிட்ஸ் ஊரின் ராணுவ மருத்துவமனைக்காக டாக்டர் வில்லியம் பிரவுன் 1778இல் லத்தீனில் 32 பக்க மருந்துக் கையேடு வெளியிட்டார். அமெரிக்காவின் முதல் மருந்துநூல் அதுதான். கையிருப்பில் இருக்கும் சரக்கைக்கொண்டு என்ன செய்யலாம் என்று பஞ்ச காலத்தில் எழுதிய சமையல் குறிப்பு மாதிரி.

குடும்பத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார். அதில் ஒரு பத்தி அரசியலைவிட அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. லங்காஸ்டரில் இருந்தபோது, மனைவி ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று உட்கார்ந்து கணக்கெடுத்திருக்கிறார். அதிகாலை முதல் இரவு வரை ஓயாத வேலை. வருவோரும் போவோருமாக வீட்டில் எப்போதும் ஆள், ஒருவரும் உலர்ந்த உதட்டோடும் காய்ந்த வயிற்றோடும் திரும்பியதில்லை. ரொட்டி சுடுவது, தோட்டம் பார்ப்பது, மரக்கால் மரக்காலாக ஆப்பிளை அரிந்து காயவைப்பது. சரியான கருவி இல்லாமலே வீட்டுக்குக் குடிக்க ஆப்பிள் சாறு பிழிந்து வைப்பது. துணி துவைப்பதை மேற்பார்ப்பது, தன் நல்ல உடுப்புகளையும் கணவரின் சட்டைகளையும் தானே பெட்டி போடுவது. இத்தனைக்கும் மேலே, இருபது பெரிய பாலாடைக்கட்டி. வீட்டில் ஒரே ஒரு பசு! அதுவும் தினசரிப் பாலும் கிரீமும் எடுத்தது போக.

18ஆம் நூற்றாண்டு ஆண் ஒருவர் இதையெல்லாம் வேலை என்று பார்த்ததே அபூர்வம், வரிசை போட்டு எழுதியது அதைவிட. ஆனால் படித்து முடித்ததும் ஒரு கேள்வி வருகிறது: அய்யா காலையில் கமிட்டிக்கும் மாலையில் காபிக்கும் போக முடிந்தது எப்படி? விடை அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. அதை எழுதிய நாளில் அவருக்கும் அது தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடை பிறகு என்ன ஆனது?

சார்லஸ் மார்ஷல் நல்ல ரசாயனர், தாவரங்கள் பற்றியும் தெரிந்தவர். ஆனால் புதிய நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் கடை திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது பொறுப்பெடுத்தவர் சார்லஸின் மகள் எலிசபெத் மார்ஷல், முப்பதுகளின் நடுவில் இருந்தவர். தாத்தாவின் கடையைக் கடனிலிருந்து மீட்டு, சுமார் இருபது ஆண்டு நடத்தி, 1825இல் சார்லஸ் எல்லிஸ், ஐசக் மாரிஸ் ஆகியோரிடம் நல்ல விலைமதிப்போடு கைமாற்றினார். 1729இல் தொடங்கிய கடை 96 ஆண்டு ஒரே குடும்பத்தில் இருந்தது.

எலிசபெத் மார்ஷல்தான் அமெரிக்காவின் முதல் பெண் மருந்தாளரா?

அப்படி எழுதுவார்கள், சரியில்லை. பாஸ்டனில் எலிசபெத் கூக்கிங் கிரீன்லீஃப் என்பவர் 1727 வாக்கிலேயே மருந்துக்கடை நடத்தினார். அப்போது கிறிஸ்டோபர் மார்ஷலே இன்னும் கடை திறக்கவில்லை.

பிலடெல்பியா மருந்தியல் கல்லூரிக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

1821இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறை, மருந்தாளர்களுக்குத் தானே பட்டம் கொடுக்கப் போவதாக அறிவித்தது. 'எங்கள் தொழிலுக்கு டாக்டர்கள் என்ன பட்டம் தருவது?' என்று ஊர் மருந்துக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். பிப்ரவரி 23 அன்று 68 பேர் கூடி, தாங்களே ஒரு கல்லூரி தொடங்குவதென்று முடிவெடுத்தார்கள். வட அமெரிக்காவின் முதல் மருந்தியல் கல்லூரி அது. 2022இல் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சார்லஸ் மார்ஷல். 1744இல் பிறந்தவர், அப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தார். அந்த 68 பேர் கூடிய இடம் கார்ப்பென்டர்ஸ் ஹால். 45 ஆண்டுக்கு முன்னால், 1776 ஜூனில், அவர் அப்பா மாநாட்டுக்குப் போய் உட்கார்ந்த அதே கூடம்.

நாட்குறிப்பை இப்போது படிக்க முடியுமா?

முடியும். வில்லியம் டுவேன் என்பவர் தொகுத்து 1839இல் முதல் பகுதி வெளிவந்தது. 1774 முதல் 1781 வரையிலான பெரிய பதிப்பு 1877இல் வந்தது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கையெழுத்துப் பிரதி பென்சில்வேனியா வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், சலித்துவிடும். 1776 மே மாதத்தைத் திறந்து மழைநாள் கூட்டத்திலிருந்து படியுங்கள். கார்ப்பென்டர்ஸ் ஹாலும் செஸ்ட்நட் தெருவில் இன்னும் நிற்கிறது. பிலடெல்பியா போகிறவர்கள் பார்க்கலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது.